பதிமூணாவது நாள்

நூற்றுப் பதினொன்று என்று
ஜெயசீலி வாசலில் கூப்பிட்டபோது
என் காதில் ஸ்டெதாஸ்கோப் இருந்தது.
எதிரே ஒரு முதுகு இருந்தது.
முதுகுக்கு மேலே முகம் ஒன்று இருந்திருக்கும்,
பார்த்ததாக ஞாபகம் இல்லை.

மூச்சை இழுங்க. விடுங்க.
இழுங்க. விடுங்க.
பத்தொன்பது வருடமாய்ப் பாம்பனில் இதையே சொல்கிறேன்.
இழுத்ததை நான் விட்டேனா?

அடுத்து வந்தவள் சின்னப்பாலத்துக் காளியாயி.
பாறையில் பாசி பறித்துக்
கிழிந்து சீழ் வைத்த விரல்களில்
பழைய சேலைத் துண்டு சுற்றியிருந்தாள்.
பெனிசிலின் ஆகாது என்று
அவள் நோட்டு அட்டையில்
சிவப்பு மையில் எழுதியது நான்தான்.
அதே கை
உள்பக்கத்தில் அமாக்ஸிசிலின் எழுதிற்று,
ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஐந்து நாள்.

மருந்து கட்டப் போன ஜெயசீலி திரும்பி வந்தாள்.
நோட்டை என் முன்னால் மூடி வைத்து
அட்டையை விரலால் தட்டினாள்.
ஒரே தட்டு.

காளியாயியிடம் சொன்னேன்,
தப்பா எழுதிட்டேன், ஜெயசீலி பார்த்துட்டா.
அவள் கோபப்படவில்லை.
இன்னைக்கு எத்தனை பேரு பாத்தீக, என்றாள்.
நூற்றுப் பன்னிரண்டு, உன்னோடு.
நாங்க மாசத்துக்குப் பன்னெண்டு நாளுதான் எறங்குவோம்.
பாசி வளரணும்ல.
பிறகு விரலைப் பார்த்துக்கொண்டு,
தோலும் வளரணும்ல.

பதிமூணாவது நாள் யாராவது இறங்கினால்?
எறங்கத்தான் செய்வாளுக.
ஒருத்தி நின்னா அடுத்தவளுக்கு ஆசை வரும்.
எல்லாரும் நின்னாத்தான் நிக்க முடியும்.

சங்கத்திலிருந்து வந்த தாள்
மேசையில் டீ கிளாசுக்கு அடியில் கிடந்தது:
தினமும் நடங்கள், தியானம் செய்யுங்கள்,
எட்டு மணி நேரம் தூங்குங்கள்.
டீக்கறை வட்டத்துக்குள்
தூங்குங்கள் மட்டும் நன்றாகத் தெரிந்தது.

அன்றிரவு பதினொன்றரைக்கு
உச்சிப்புளி சீனி செய்யதுக்கு போன் போட்டேன்.
தூங்கலையா என்றேன்.
நீ தூங்கிட்டியா என்றான்.
அப்புறம் கொஞ்ச நேரம்
இரண்டு பக்கமும் காற்று மட்டும் இரைந்தது.

நேத்து ஒருத்தர் எங்கிட்ட செத்துப்போனார், என்றான்.
எனக்கு ஒண்ணும் தோணலை.
கையைக் கழுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.
அதுதான் பயமா இருக்கு.

இரண்டு மணிக்கு ஒரு கணக்கு முடிந்தது.
வியாழன் சாயங்காலம் எனக்குப் பூட்டு,
என் ஆட்கள் அவனிடம்.
ஞாயிறு அவனுக்கு.
டோக்கன் அறுபதோடு சரி.
சர்க்கரைக்கும் பிரஷருக்கும்
மாசாமாசம் அதே மாத்திரை வாங்க வருகிறவர்களுக்குச்
செவ்வாய்க்கிழமை காலை;
பார்த்து எழுதி வைக்க ஜெயசீலி போதும்.
ஏதாவது எகிறியிருந்தால் மட்டும் நான்.
அவளுக்குச் சம்பளத்தில் ஆயிரத்தைந்நூறு கூட.
அதை முதலில் சொன்னது அவள்தான்.

முதல் வியாழன்.
டாக்டருக்கே லீவாம், என்று
பஸ் நிறுத்தத்தில் சிரித்தார்களாம்.
சொறிமீன் பட்ட பையனைத் தூக்கிக்கொண்டு
பாலம் தாண்டிப் போன ஒருத்தர்
என்னைத் திட்டிக்கொண்டே போனாராம்.
பையனுக்குச் சரியாகிவிட்டது என்று
சீனி அனுப்பிய செய்தியை
நான்கு முறை படித்தேன்.
கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
மடித்த துணியையே மறுபடி மடித்தேன்.
ஏழே முக்காலுக்கு ரயில் போனது.
இத்தனை வருடமாய் அது
ஏழே முக்காலுக்குத்தான் போகிறதாம்.

ஊர் இன்னும் பழகவில்லை. நானும்தான்.
நேற்று இரவு
அறுபதாவது ஆள் எழுந்து போன பிறகு
வாசல் தூணைப் பிடித்தபடி ஒருவர் நின்றார்.
இருமல், இரண்டு வாரமாய், காய்ச்சல் இல்லை.
நாளைக்கு வரலாம். அவருக்கே தெரியும்.
வாங்க, உட்காருங்க என்றேன்.
அவர் இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு,
காது மடலில் உப்பு.
மூச்சை இழுங்க.

பின்னாலிருந்து ஜெயசீலி,
பதிமூணாவது நாள், என்றாள்
யாரிடமோ சொல்வதுபோல்.
ஃபேனை நிறுத்தினாள்.
ஒரு விளக்கை மட்டும் விட்டுவைத்தாள்.